‘டெத் டு 2020’ பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? பாளையங்கோட்டைக் கூடத்திலிருந்து சில கேள்வி பதில்கள்

ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் யாராவது ஒருவர் என்னிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். தப்பு என்னுடையதுதான். 2021 பொங்கல் வாரத்தில் காலம் தப்பிய மழை. தாமிரபரணியில் வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள். ஊருக்கு வந்த சொந்தக்காரர்கள் வெளியே தலைகாட்ட முடியாமல் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். டிவியில் எதையாவது போடு என்றார்கள். இதைப் போட்டேன். அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் கல்யாண வீடு, துட்டி வீடு என்று இன்னும் தொடர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று.

இது என்ன படம்?

2020 டிசம்பர் 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆங்கிலப் படம். ஒரு மணி பத்து நிமிடம் ஓடும். ஆஸ்திரேலியாவில் காடு எரிந்ததில் தொடங்கி, இளவரசர் ஹாரியும் மேகனும் அரண்மனைப் பொறுப்பிலிருந்து விலகியது, கொரோனா, ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை அமெரிக்கப் போலீஸ் கொன்றது, அமெரிக்கத் தேர்தல் என்று அந்த வருடத்துச் செய்திகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். செய்திக் காட்சிகள் நிஜம். நடுநடுவே நாற்காலியில் உட்கார்ந்து கருத்துச் சொல்கிற நிபுணர்கள் பொய். எல்லாரும் நடிகர்கள். மாக்குமெண்டரி என்கிற வகை. பின்னணிக் குரல் லாரன்ஸ் ஃபிஷ்பர்ன். ஏதோ பெரிய சரித்திரப் படம் என்று நினைக்கவைக்கிற கனத்த குரல்.

உருவாக்கியவர்கள் சார்லி புரூக்கரும் அனபெல் ஜோன்ஸும். ‘பிளாக் மிரர்’ தொடரின் அதே ஜோடி. புரூக்கருக்கு இது புதுத் தொழில் இல்லை. 2010 முதல் 2016 வரை பிபிசியில் வருடக் கடைசியில் ‘வைப்’ என்ற நிகழ்ச்சியில் அந்த வருடத்துச் செய்திகளை வைதுகொண்டிருந்தவர். அங்கே அவரே பேசுவார். இங்கே தான் பேசாமல் நடிகர் பட்டாளத்தைப் பேசவிட்டிருக்கிறார். பழைய நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அதுதான் குறை. ஒரு மனிதனின் எரிச்சலுக்குப் பதிலாக, எழுதிக் கொடுத்ததைப் பதினொரு பேர் பிரித்துப் பேசுவதுபோல இருக்கிறது என்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது.

மாக்குமெண்டரி என்றால்?

போலி ஆவணப்படம். ஆவணப்படத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு கதை விடுவது. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிக்கிறார்கள் என்று ஒரு செய்திப்படம் காட்டியது. நம் ஊரில் இடியாப்பம் காய்க்கிற மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஸ்பகெட்டி அவ்வளவு பழக்கமில்லாத பண்டம் என்பதால் பலர் நம்பினார்கள். மரம் வளர்ப்பது எப்படி என்று கேட்டவர்களும் உண்டு. குரல் கனமாக இருந்தால் போதும், பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். இந்த வேலை அந்த இடத்தில்தான் நிற்கிறது.

அந்த நிபுணர்கள் போலி என்று உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததா?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹியூ கிராண்ட் ஒரு சரித்திரப் பேராசிரியராக வருகிறார். நரைத்த தலை, நிதானமான பேச்சு. சரித்திரம் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற கற்பனைக் கதைத் தொடரில் நடந்த சண்டையையும் நிஜமாக நடந்ததுபோலச் சேர்த்துவிடுவார். அதுதான் நகைச்சுவை. ஆனால் அது நகைச்சுவை என்று தெரிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தெரிந்திருக்க வேண்டும். தபால் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவுக்கு அது தெரியாது. அவர் பார்த்தது ஒரு நல்ல படித்த மனிதரை. "எவ்வளவு அழகா, கோர்வையா பேசுதாரு பாரு" என்றார். பெங்களூரிலிருந்து வந்திருந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பெரியப்பாவுக்குக் கோபம். "படிச்ச மனுஷன் பேசுதாரு, இவன் என்னலே இளிக்கான்?"

நான் படத்தை நிறுத்திவிட்டு விளக்கினேன். சோழர் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர் நடுவில் மகிழ்மதிக்கும் காலகேயருக்கும் நடந்த போரையும் சேர்த்துச் சொன்னால் எப்படியோ அப்படி என்றேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நம்ம ஊர் மண்டபத்துல அப்படிப் பேசுத ரெண்டு பேர எனக்குத் தெரியும்."

மற்றவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சாமுவேல் ஜாக்சன் வந்து நான் ‘நியூயார்க்கர்லி நியூஸ்’ நிருபர் என்றால், பத்திரிகைப் பெயரிலேயே கேலி. விஞ்ஞானியின் பெயர் பைரெக்ஸ் ஃபிளாஸ்க். ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைக்குக் கால் முளைத்ததுபோல.

எந்த மொழியில் பார்த்தீர்கள்?

ஆங்கிலத்தில், கீழே ஆங்கில எழுத்தோடு. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அங்கங்கே நிறுத்தி நான் தமிழ் சொன்னேன். எழுபது நிமிடப் படம் இரண்டரை மணி நேரம் ஓடியது. பனங்கிழங்கு ஒரு கட்டு தீர்ந்தது, கருப்பட்டிக் காபி இரண்டு தடவை வந்தது. நிறுத்தி விளக்கினால் நகைச்சுவை செத்துப்போகும் என்பார்கள். சில இடங்களில் செத்தது உண்மைதான். ஆனால் நிறுத்திய இடங்களில்தான் எங்கள் வீட்டு ஆட்கள் பேசினார்கள். படத்தைவிட அந்தப் பேச்சு நன்றாக இருந்தது.

யாருக்கு எந்தப் பாத்திரம் பிடித்தது?

ஆச்சிக்குப் பிடித்தது டயான் மோர்கன் செய்யும் வேடம். உலகத்திலேயே மிகச் சராசரியான ஐந்து பேரில் இவர் ஒருவர் என்று அறிமுகப்படுத்துவார்கள். மற்றவர்கள் பெரிய பெரிய விஷயம் பேசும்போது இவர் வீட்டுக்குள் அடைந்து கிடந்த கதையைப் பேசுவார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஆச்சிக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. முகத்தைப் பார்த்தே, "இவ ஒருத்திதான் உள்ளதச் சொல்லுதா" என்றாள். நான் பிறகு படித்த விமர்சனங்கள் சிலவற்றிலும் இவரைத்தான் தூக்கிப் பிடித்திருந்தார்கள். விமர்சகர்கள் சுற்றிவளைத்துப் போன இடத்துக்கு ஆச்சி குறுக்கு வழியில் போய்விட்டாள்.

எலிசபெத் ராணியாக டிரேசி உல்மன் வந்தபோதும் ஆச்சி ஒரு கேள்வி கேட்டாள்: "ஏன் மக்களே, ராணியம்மாவ இப்படி வேஷம் கட்டி ஆடுனா அங்க யாரும் கேக்க மாட்டாங்களா?" இதற்குக் கீழே வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் சித்திக்கு லீசா குட்ரோ. வலதுசாரிக் கட்சியின் அதிகாரப்பூர்வமற்ற பேச்சாளராக வருகிறார். ஒரு நிமிடம் முன்னால் சொன்னதை ஒரு நிமிடம் கழித்து நான் சொல்லவே இல்லை என்பார், சிரித்த முகத்தோடு. "ஒன்பது மணி விவாதத்துல தினம் வருதாளே, இவளத் தெரியாதா எனக்கு" என்றார் சித்தி. அமெரிக்க அரசியல் ஒன்றும் தெரியாத சித்தி அதிகம் சிரித்தது இந்த அமெரிக்க அரசியல் பாத்திரத்துக்குத்தான்.

பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவுக்கு விஞ்ஞானியைப் பிடித்தது. மற்ற எதற்கும் அவர் சிரிக்கவில்லை. விஞ்ஞானி வைரஸைப் பற்றி விளக்க ஆரம்பித்தால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஏனென்று கேட்டதற்கு, "மூக்குக்குக் கீழ மாஸ்க் போட்டுட்டு வாறவங்ககிட்ட எட்டு மாசமா நான் பேசுத பேச்சு இது" என்றார்.

பிடிக்காதவர்கள் என்ன குறை சொன்னார்கள்?

பெங்களூர்த் தம்பியின் குறை: எல்லாம் நாங்கள் ஏற்கெனவே மீம்ஸில் பார்த்து முடித்த நகைச்சுவை. மார்ச்சில் வந்த கேலியை டிசம்பரில் பெரிய நடிகரைக் கொண்டு சொல்லவைத்தால் புதிதாகிவிடுமா என்றான். நியாயமான குறை. வருடம் முழுக்க ஒவ்வொரு செய்திக்கும் அடுத்த அரை மணி நேரத்தில் கைபேசியில் கேலி வந்துவிடுகிற காலத்தில், வருடக் கடைசிவரை காத்திருந்து சிரிக்கவைப்பது பழைய சோற்றைச் சூடு பண்ணுகிற வேலை. டிரம்ப்பைப் பற்றி வருகிற பகுதிகளில் இது நன்றாகத் தெரிகிறது.

அத்தானின் குறை வேறு: "ஒருத்தனையும் அழுத்தி அடிக்கல. எல்லாரையும் லேசாத் தட்டிட்டுப் போறான்." அவர் வில்லுப்பாட்டுப் பிரியர். கொடைகளில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர், அவருடைய அளவுகோல் அது.

மதினி பாதியில் தூங்கிவிட்டார். அதையும் ஒரு கருத்தாகக் குறித்துக்கொள்ளலாம்.

கிரிஸ்டின் மிலியோட்டி வருகிற பகுதியில் உங்கள் வீட்டில் சண்டை வந்ததாமே?

சண்டை வரவில்லை. சத்தம் அடங்கியது, அவ்வளவுதான்.

அவர் செய்வது ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பத்து அம்மா வேடம். பிள்ளைகளைப் பந்து விளையாடக் கூட்டிக்கொண்டு போகிற நல்ல அம்மா. நான் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை என்பதுபோலவே பேசிக்கொண்டு வருவார். பேசப் பேச உள்ளே இருக்கும் நிறவெறி வெளியே எட்டிப் பார்க்கும். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பெங்களூர்த் தம்பி, "நான் சாதியெல்லாம் பாக்கதில்ல, ஆனா…" என்று நம் ஊர்க் குரலில் ஒரு வரி சொன்னான். அந்த ‘ஆனா’வோடு நிறுத்திவிட்டான். பள்ளிக்கூடப் பையன் கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிற ஊர் இது. அந்த வாக்கியத்தின் மீதி எல்லாருக்கும் தெரியும். கூடத்தில் இருந்த ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், அந்த வாக்கியத்தை அன்று காலையில்தான் ஒரு கல்யாணப் பேச்சில் முழுதாகச் சொல்லியிருந்தார்.

2020 ஏப்ரலில், முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்தைக் கொரோனாவுக்காகத் தடுப்பு வைத்து அடைத்திருந்தபோது எங்கள் தெருவில் என்னென்ன பேசினோம் என்பதும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பேசினார்கள் என்று எழுத வந்து ‘பேசினோம்’ என்று மாற்றியிருக்கிறேன்.

படத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். அமெரிக்க விமர்சகர்கள் இந்தப் பாத்திரத்தைப் பழகிப்போன வார்ப்பு என்று எழுதியிருக்கலாம். எங்கள் கூடத்தில் அது பழகிய ஆளாக இருந்ததால்தான் வேலை செய்தது.

இத்தனை பேர் செத்த வருடத்தை வைத்துச் சிரிக்கிறது சரியா?

படம் வந்தபோதே பலர் கேட்ட கேள்வி. நோய் முடியவில்லை, தடுப்பூசி அப்போதுதான் இங்கிலாந்தில் போட ஆரம்பித்திருந்தார்கள், அதற்குள் கேலியா என்று.

இதை நான் நர்ஸ் அக்காவிடம்தான் கேட்டேன். அவர் சொன்னது: நோயாளியைக் கேலி பண்ணினால் எழுந்து போயிருப்பேன்; இதில் கேலி பண்ணுவது வாய்ப்பேச்சுக்காரர்களை. அது எனக்குச் சரியாகப் பட்டது.

ஆனால் ஜார்ஜ் ஃபிளாய்ட் பகுதி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தவும் இல்லை, யாருக்கும் விளக்கம் தேவைப்படவும் இல்லை. மே 25 மினியாபொலிஸ். எங்களுக்கு ஜூன் 19 சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போன அப்பாவும் மகனும் கோவில்பட்டிச் சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். பாளையங்கோட்டையிலிருந்து சாத்தான்குளம் ஒரு மணி நேரத்துப் பயணம். பெரியப்பா மட்டும், "நம்மாளுக இத எடுத்தா, சாத்தான்குளத்த என்ன பண்ணுவாங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அதைக் கேலிக்குள் கொண்டுவர முடியுமா, கொண்டுவராமல் விட்டால் அந்த வருடத்தைச் சொன்னதாகுமா? இரண்டு பக்கமும் எனக்குப் பேசத் தெரிகிறது, முடிவு சொல்லத்தான் தெரியவில்லை.

நம் ஊர்ச் செய்திகள் எதுவும் வருகிறதா?

படம் முழுக்க முழுக்க அமெரிக்காவையும் பிரிட்டனையும் சுற்றித்தான். உலகத்தின் 2020 என்று சொல்லிவிட்டு இரண்டு நாட்டின் 2020-ஐக் காட்டுகிறார்கள் என்பது வெளிநாட்டுக்காரர்கள் பலரும் சொன்ன குறை. எங்கள் வீட்டில் இது குறையாகப் போகவில்லை. படம் முடிந்ததும் நம்ம 2020-ஐ நாமே சொல்லிவிடுவோம் என்று ஆரம்பித்து, மழைச் சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடியது.

மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை தட்டச் சொன்னதும் எங்கள் தெரு தாம்பாளம், சங்கு, சேகண்டி என்று இறங்கியதைத் தொடக்கக் காட்சியாக வைக்க வேண்டும் என்றான் தம்பி. ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றினோம். மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்து மே 16 மறுபடி திறந்தது. அந்த ஒரு வாரத்தை மட்டும் தனிப் படமாக எடுக்கலாம் என்பது அத்தானின் கருத்து. அவர் அதில் நிபுணர்.

ஜூன் 9 பத்தாம் வகுப்பு எல்லாரும் பாஸ். சித்தி சொன்னார்: "மார்ச் வரைக்கும் நான் திட்டாத நாளில்ல. ஒரே நாள்ல அத்தன பயலும் பாஸ். எனக்குத்தான் அசிங்கமாப் போச்சு."

இ-பாஸ் கதை பெரியப்பாவுடையது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22. அதற்கு ஏழு மாதம் கழித்து, ஜூன் கடைசியில், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். ஆலங்குளத்தில் அவருடைய வயல். அறுபத்தெட்டு வருடம் சொந்த மாவட்டத்துக்குள் இருந்த வயல் அயல் மாவட்டத்துக்குப் போய்விட்டது. விண்ணப்பத்தில் பயணத்தின் காரணம் என்ற இடத்தில் கல்யாணம், சாவு, மருத்துவம் என்று இருந்தால், நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை எதில் சேர்ப்பது? இதை அவர் அந்தப் பேராசிரியர் மாதிரியே கோர்வையாகச் சொன்னார்.

நெல்லையப்பர் ஆனித் தேர் அந்த வருடம் ஓடவில்லை. இதைச் சொன்னது ஆச்சி, அதற்கு யாரும் கேலி சேர்க்கவில்லை. அடுத்த வருடமும் ஓடவில்லை. 2022-ல்தான் மறுபடி வடம் பிடித்தார்கள்.

டிசம்பர் 4 புரெவிப் புயலுக்குத் தென் மாவட்டங்களுக்கு விடுமுறை விட்டார்கள். மெழுகுவர்த்தி, பால் பவுடர், அரிசி எல்லாம் வாங்கி வைத்துக் காத்திருந்தோம். புயல் வழியிலேயே ஓய்ந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் ரஜினிகாந்த் ஜனவரியில் கட்சி என்றார், டிசம்பர் 29 அன்று கட்சி இல்லை என்றார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வசனமே வேண்டாம் என்றான் தம்பி. இந்தப் படம் வந்தது டிசம்பர் 27. இரண்டு நாள் பொறுத்திருந்தால் அவர்களுக்கும் கிடைத்திருக்கும்.

இங்கே இப்படி ஒன்று எடுக்க முடியாதா?

எடுக்கத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடையில் வில்லுப் பாடுகிறவர் சுடலைமாடன் கதையை நடுவில் நிறுத்திவிட்டு, உள்ளூர்ப் பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றி இரண்டு வரி பாடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "ஆமா!" என்று போடுகிற ஒரு பின்பாட்டில் தலைவரே தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். சாமி கதைக்குள் ஊர்க் கதை, நிஜத்துக்குள் பொய், பொய்க்குள் நிஜம். இதைத்தான் அத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டு புரூக்கர் அழுத்தி அடிக்கவில்லை என்றார்.

ஆனால் ஆச்சி கேட்டாளே, அங்கே யாரும் கேட்க மாட்டார்களா என்று, அந்தக் கேள்விக்குத் திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வது கஷ்டம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிற நாள். கந்துவட்டிக் கொடுமை என்று மனுக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், அந்த வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார்கள். அதைப் பற்றிக் கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்தார். முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் பணக்கட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்க, எதிரே குழந்தை எரிகிறது. நவம்பர் 5 அன்று அவரைச் சென்னையில் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன். அதற்கு முப்பது வருடம் முன்னால், 1987-ல், அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியரைச் சட்டமன்றம் ஜெயிலுக்கு அனுப்பியது.

ஆக, எடுக்கலாம். எடுத்தபிறகு யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். படம் வந்த இரண்டே மாதத்தில், 2021 பிப்ரவரியில், இணையத்தில் வரும் படங்களுக்கும் புகார் விசாரிக்க மூன்று அடுக்கு வைத்து மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். கெட்ட வார்த்தை சரளமாக வரும். நான் ‘மொழிபெயர்த்து’ச் சமாளித்தேன், எட்டாம் வகுப்புப் பையன் கீழே எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

அமெரிக்க அரசியல் தெரியாவிட்டால் புரியுமா?

பாதி புரியும். அந்தப் பாதி போதும். தேர்தல் பகுதி இழுவை, அங்கே போய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம்.

‘டெத் டு 2021’ எப்படி?

2021 டிசம்பர் 27 அன்று வந்தது. ஒரு மணி நேரம். ஹியூ கிராண்ட், டயான் மோர்கன், டிரேசி உல்மன் எல்லாரும் மறுபடி உண்டு, லூசி லியு புதிது. முதல் படத்தை விட மெலிவு என்பது பார்த்தவர்கள் பலரின் கருத்து, என்னுடையதும். அதற்கப்புறம் இந்த வரிசை தொடரவில்லை. டயான் மோர்கனை மட்டும் பிடித்தவர்கள் ‘கங்க் ஆன் எர்த்’ பார்க்கலாம். ஒன்றும் தெரியாத ஒருத்தி நிஜப் பேராசிரியர்களிடம் போய்க் கேள்வி கேட்பாள். ஆச்சிக்கு அதையும் போட்டுக் காட்டினேன். பேராசிரியர்கள் முழிக்கிற முழியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

இத்தனை வருடம் கழித்து இப்போது பார்த்தால் நன்றாக இருக்குமா?

போன வருடம் மறுபடி பார்த்தேன். பல இடங்களில் இது எதைக் கேலி பண்ணுகிறது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது வீட்டை விட்டு நகராமல் செய்தி பார்த்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு வரியும் உடனே பிடிபட்டது. செய்தியை வைத்துச் செய்கிற கேலி அல்வா மாதிரி இல்லை, இட்லி மாதிரி. ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே பெய்த மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறு ஊருக்குள் வந்தது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் தெருவில் கரண்ட் வந்து, கைபேசியில் சிக்னல் வந்து, வீட்டைக் கழுவி முடித்தபோது வருடக் கடைசி. டிவியில் வழக்கம்போல ‘திரும்பிப் பார்க்கிறோம்’ நிகழ்ச்சிகள் ஓடின. சித்தி எழுந்து போய் அணைத்துவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பெரியப்பாவுக்கு அந்தப் பேராசிரியர் மேல் இன்னும் மரியாதை உண்டா?

உண்டு. போலி என்று தெரிந்தபிறகும், அந்தக் கூட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்து ஒழுங்காகப் பேசியது அவர் ஒருவர்தான் என்பார். அவருக்காகவே 2021 படத்தையும் போடச் சொன்னார். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடிகர்கள் ஒவ்வொருவர் வரும்போதும் "இவன் போலி, இவளும் போலி" என்று சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜனவரி 6 அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்த செய்திக் காட்சி வந்தது. தலையில் மாட்டுக்கொம்பு, முகத்தில் சாயம், மேலே சட்டை இல்லாமல் ஒருவர்.

"இவன் நல்ல நடிகன்" என்றார் பெரியப்பா.

நிஜம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். இன்றுவரை நம்பவில்லை.